கோயில் வளாகத்தில் தோட்டம்: விளைச்சல் யார் வீட்டுக்கு?

தேவாலய வளாகங்களில் காய்கறித் தோட்டம் போடும் ஆசை இப்போது நம் பக்கம் பரவி வருகிறது. நல்ல ஆசைதான். இயற்கை வேளாண்மை என்றால் முகம் சுளித்தவர்கள்கூட, "எங்க பங்குல ஒரு தோட்டம் போடணும், வந்து பார்த்துச் சொல்லுங்க" என்று கூப்பிடுகிறார்கள். என்ன விதை, என்ன உரம், எத்தனை பேர் வேணும் என்றெல்லாம் கேட்கிறார்கள். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. விளைகிறதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னார்வலர்களை மட்டும் நம்பிப் போடுகிற தோட்டம் இரண்டாவது கோடையைத் தாண்டாது. தினமும் வந்து தண்ணி கட்டுகிறவருக்கு விளைச்சலில் பங்கு இருக்கணும், தோட்டத்தைப் பற்றிய முடிவுகளில் பேச்சும் இருக்கணும். அந்தத் தினசரி ஆள் பெரும்பாலும் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத பெண்ணாகத்தான் இருப்பார். அவர் கைக்கு மண் போய்ச் சேருகிற வழியாகக் கோயில் தோட்டத்தைப் பார்த்தால், நம் இயக்கம் அதில் இறங்கி வேலை செய்வதற்கு அர்த்தம் உண்டு. வெறும் பச்சைப் பசேல் என்று படம் எடுக்கத்தான் என்றால் நமக்கு நம் வயலிலேயே வேலை கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊரில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயில் இருக்கிறது. கோயில், பங்குத்தந்தை வீடு, தேர் சுற்றுகிற பாதை எல்லாம் போகப் பின்பக்கம் 30 சென்ட் சும்மா கிடந்தது. செம்மண். வருஷா வருஷம் திருவிழாவுக்கு வரும் வண்டிகள் நின்று நின்று கல்லாக இறுகிப்போன மண். நான் அந்தக் கோயிலுக்குப் போகிற குடும்பம் இல்லை, எங்கள் குலசாமி வேறு. பக்கத்தில் ரசாயனம் போடாமல் விவசாயம் பண்ணுகிறவன் என்பதால் அப்போதிருந்த ஃபாதர் கூப்பிட்டனுப்பினார். நாலு வருஷமாக அந்தத் தோட்டத்தோடு இருக்கிறேன்.

முதல் கூட்டத்துக்கு அன்பியங்களில் இருந்தும், இளையோர் குழுவில் இருந்தும், வின்சென்ட் தே பால் சபையில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். 40 பேர் பெயர் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஞாயிறு பூசை முடிந்து ஒரு மணி நேரம்தான் முடியும். அங்கேயே ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

30 சென்ட்டில் நடைபாதை, வேலி ஓரம், எருக்குழி, மர நிழல் எல்லாம் போனால் பாத்தி போட முடிவது 15 சென்ட். அதற்குத் தண்ணீர், களை, பறிப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு 4 மணி நேர வேலை. மாதத்துக்கு 120 மணி நேரம். 40 பேர், ஆளுக்கு 1 மணி நேரம், 4 ஞாயிறு என்றால் 160 மணி நேரம். காகிதத்தில் 40 மணி நேரம் மிச்சம் நிற்கிறது. ஆனாலும் தோட்டம் காய்ந்துவிடும். கீரை செவ்வாய்க்கிழமை தண்ணி கேட்கும். வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிப்போகும். அசுவினி புதன்கிழமை வந்து உட்கார்ந்தால் ஞாயிறு வரைக்கும் சும்மா இருக்காது.

தண்ணீரை மட்டும் பாருங்கள். 15 சென்ட் பாத்தி சுமார் 600 சதுர மீட்டர். மூடாக்கு போட்ட பாத்திக்கே ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 4 லிட்டர் என்று வைத்தால் 2,400 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 160 குடம். இதை யார் ஒருநாள் விட்டு ஒருநாள் சுமப்பது? கிணற்றில் மோட்டார், குழாய், ஓஸ் எல்லாம் முதல் நாளே வேணும். அப்படி இருந்தாலும் ஓஸைப் பிடிக்க ஒரு கை வேணுமே.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மண் கொத்துவது, கிளுவை நட்டு வேலி கட்டுவது, புடலைக்கும் பீர்க்குக்கும் பந்தல் போடுவது, எருக்குவியலைப் புரட்டுவது எல்லாம் நாற்பது கைகள் ஒரே நேரத்தில் சேர்ந்து செய்யவேண்டிய வேலைகள். அதை அவர்கள் அருமையாகச் செய்தார்கள், இன்றைக்கும் செய்கிறார்கள். தினசரி வேலைக்கு வேறு ஆள் வேணும் என்பதுதான் விஷயம்.

பாதி, கால், கால்

அந்த ஆட்கள் கோயிலுக்கு வெளியே 200 அடி தூரத்தில் இருந்தார்கள். பக்கத்துக் காலனியில் ஒரு மகளிர் குழு. களையெடுப்புக்கும் கடலை பறிக்கவும் கூலிக்குப் போகிறவர்கள். விவசாயத்தில் எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் தனக்கென்று ஒரு பாத்தி வைத்துப் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் வேலை பார்த்தவர்கள்.

அவர்களில் ஒரு அக்கா சொன்னது இது: "சேவைக்கு வாங்கன்னா நாலு நாள் வருவோம் தம்பி. அப்புறம் கூலி வேலை வந்தா அங்கதான் போவோம். எங்க வீட்டுக் கொழம்புக்கும் காய் உண்டுன்னு சொல்லுங்க, தெனமும் வர்றோம்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும்? தன்னார்வலர் என்ற சொல்லை நாம் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்தணும். மாதச் சம்பளமோ பென்ஷனோ வருகிறவர் ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் கொடுப்பது அவர் ஓய்வில் இருந்து கொடுப்பது. கூலிக்குப் போகிற பெண் காலை ஒன்றரை மணி நேரம் கொடுத்தால், அது அவர் அடுப்பில் இருந்தும் கூலியில் இருந்தும் எடுத்துக் கொடுப்பது. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் ஒரே கைதட்டல் கொடுத்துவிட்டுக் காயை மட்டும் கோயில் கணக்கில் ஏலம் விடுவது நியாயம் இல்லை.

அதனால் இப்படி முடிவானது. 9 பெண்கள், மூன்று மூன்று பேராக மூன்று குழு. ஒவ்வொரு குழுவுக்கும் வாரத்தில் இரண்டு நாள். காலை 6 முதல் 7.30 வரை. அதற்குப் பிறகு அவரவர் வேலைக்குப் போய்விடலாம். ஞாயிறு பங்கு மக்கள் பொறுப்பு. வந்தவர் பெயரை ஒரு நோட்டில் எழுதணும். பறித்ததை எடை போட்டு அதே நோட்டில் எழுதணும். விளைச்சலில் பாதி அந்த 9 பேருக்கு, வந்த நாள் கணக்குப்படி. கால் பங்கு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் விற்பனைக்கு. அந்தப் பணத்தில்தான் விதை, ஓஸ், மோட்டார் செலவு. மீதிக் கால் பங்கு ஊரில் ஆளில்லாத முதியவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும். யார் யாருக்கு என்ற பட்டியலைப் பங்குக்காரர்களும் அந்தப் பெண்களும் சேர்ந்து எழுதணும். மதம் பார்க்கக் கூடாது.

இதுபோக ஒரு ஏற்பாடு. சாலையோர வேலியை ஒட்டி ஒரு நீளப் பாத்தி. முருங்கை, அகத்தி, தண்டுக்கீரை, கோவைக்காய். அதில் யாரும் யாரையும் கேட்காமல் பறித்துக்கொள்ளலாம். முதலில் மொட்டையடித்துவிடுவார்கள் என்று பலருக்கும் பயம். நாலு வருஷத்தில் ஒருமுறைகூட அந்த ஓரம் காலியாகிக் கிடந்ததில்லை.

எதிர்ப்புகள்

இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மூன்று எதிர்ப்புகளையும் மரியாதையோடு எடுத்துப் பேசணும், ஏனென்றால் நீங்கள் எந்த ஊரில் தொடங்கினாலும் இவை வரும்.

முதலாவது, "கோயில் நிலத்தில் விளைவது கோயிலுக்குத்தானே?" இதற்குப் பதிலை விவிலியமே சொல்கிறது. லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அறுவடை செய்யும்போது வயலின் ஓரம் வரைக்கும் ஒட்ட அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்பது கட்டளை. ரூத்து கதை அதில் இருந்துதான் பிறக்கிறது. போவாசு வயலில் கதிர் பொறுக்க வந்த ரூத்து அந்த ஊர்க்காரர் இல்லை, அந்த இனமும் இல்லை, மோவாபு நாட்டுப் பெண். நம் ஊரிலும் அறுப்பு முடிந்த வயலில் கதிர் பொறுக்குவதும், கடலை பிடுங்கிய காட்டில் தப்புக்கடலை பொறுக்குவதும் ஏழையின் உரிமையாகத்தான் இருந்தது. இயந்திர அறுவடை வந்த பிறகு அது பெரும்பாலும் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரக் கோயில் நிலத்தைவிடப் பொருத்தமான இடம் எது?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய சுற்றுமடலும் இதையே பேசுகிறது. மண்ணுக்கு நடக்கும் கேடும் ஏழைக்கு நடக்கும் கேடும் வேறுவேறு இல்லை என்பது அதன் மையமான கருத்து. அதைப் படித்துவிட்டு மரக்கன்று மட்டும் நட்டால் பாதியைத்தான் படித்திருக்கிறோம்.

இரண்டாவது எதிர்ப்பு வெளியே சத்தமாக வராது. "அவங்க பறிச்ச காயை நாங்க எப்படி..." என்று இழுப்பார்கள். இதை மூடிமறைத்துப் பேச எனக்கு விருப்பம் இல்லை. சாதிக்கொரு கல்லறைப் பகுதி, நடுவில் சுவர் என்று இருந்த ஊர்கள் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவத்திலும் உண்டு. இந்து ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே பாத்தியில் எல்லோரும் கை வைக்கிற தோட்டம் இதைத் தொடாமல் போகாது. எங்கள் ஊரில் இதற்குப் பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை. ஞாயிறு விற்பனை மேசையில் எடை போடும் பொறுப்பை அந்த 9 பேரில் இரண்டு பேரிடம் கொடுத்தோம். முதல் மாதம் சிலர் வாங்காமல் போனார்கள். பூச்சிமருந்து அடிக்காத கத்தரிக்காயின் ருசி தெரிந்த பிறகு அவர்களில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். மீதிப்பேர் இன்னும் வரவில்லை. அவர்களுக்காக ஏற்பாட்டை மாற்றப் போவதும் இல்லை.

மூன்றாவது, "நாளைக்கு நிலமே எங்களதுன்னு சொல்லிட்டா?" இது வெறும் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. சாகுபடி குத்தகைதாரர்களைக் காப்பதற்கு 1955-லேயே சட்டம் வந்த மாநிலம் இது. அந்தச் சட்டம் வந்ததற்கு நல்ல காரணம் உண்டு. அதே நேரம், நிலத்தை ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்க நிறுவனங்கள் தயங்குவதற்கும் காரணம் உண்டு. ஆகவே தோட்டத்தை ஒரு பொதுக்குழு நடத்துவதாக எழுதுங்கள். பாத்தியை யார் பெயருக்கும் ஒதுக்காதீர்கள், குழுக்கள் சுற்றி மாறி வேலை செய்யட்டும். ஒப்புதலை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். எழுதியதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முக்கியமாக, பங்குத்தந்தையின் வாய்வார்த்தையோடு நின்றுவிடாதீர்கள். நிலம் மறைமாவட்டத்துக்குச் சொந்தம், ஃபாதர் சில வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். ஆயர் இல்லத்தில் இருந்து எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைக்கணும். சி.எஸ்.ஐ. சபைகளிலும் இதே கதைதான், போதகர் மாறுவார். சேகரக் கமிட்டியில் தீர்மானம் வேணும்.

மண்ணைத் திருப்பி எடுப்பது

புதிதாக விவசாயத்துக்கு வருகிற நண்பர்களுக்காகச் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். கோயில் வளாகத்து மண்ணுக்கு என்று சில சிக்கல்கள் உண்டு.

ஒன்று, இறுக்கம். வண்டி நின்ற மண்ணில் ஏர் இறங்காது. முந்தின நாள் மாலை தண்ணி விட்டு ஊறவைத்து, மறுநாள் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தினார்கள். ஞாயிறு ஞாயிறாக ஆறு வாரம் ஆனது.

இரண்டு, களைக்கொல்லி. திருவிழாவுக்கு முன்னால் வளாகத்தைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று களைக்கொல்லி அடிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கோயில்பிள்ளையிடம் உட்கார்ந்து பேசி அதை முதலில் நிறுத்துங்கள். அது நிற்காமல் இயற்கை வேளாண்மை என்று பலகை வைக்க முடியாது.

மூன்று, உயிர்ச்சத்து. இதற்குப் பலதானிய விதைப்புதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. ஏக்கருக்கு 25 கிலோ என்ற கணக்கில் 30 சென்ட்டுக்கு ஏழரைக் கிலோ. சோளம், கம்பு, தினை, சாமை, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, எள், நிலக்கடலை, ஆமணக்கு, சூரியகாந்தி, கடுகு, வெந்தயம், கொத்தமல்லி, தக்கைப்பூண்டு, சணப்பு. கிடைத்ததைக் கலந்து ஆடியில் விதைத்தோம். 50 முதல் 60 நாளில், பூ எடுக்கும் சமயம், புரட்டாசியில் மடக்கி மண்ணோடு சேர்த்தாகிவிட்டது. ஐப்பசி மழைக்குப் பாத்தி தயார். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை திருச்சபைகள் படைப்பின் காலம் என்று கொண்டாடுகின்றன. நம் வடகிழக்குப் பருவமழைக்கு முந்தின தயாரிப்புக் காலமும் அதுதான். அந்த ஞாயிறுகளில் பேரணி வைப்பதற்குப் பதில் மண்வெட்டி எடுத்தால் நேரத்துக்கு வேலை முடிந்துவிடும்.

ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் இந்த அளவுக்கு 60 லிட்டர் போதும். 3 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், 3 லிட்டர் கோமியம், 600 கிராம் வெல்லம், 600 கிராம் பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். இரண்டு நாள் நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கிவிட்டால் தயார். எருவுக்குப் பஞ்சமே இல்லை. பீடத்துப் பூக்கள், புளிய மரத்துச் சருகு, அசன விருந்துக்குப் போட்ட வாழை இலை எல்லாம் குவியலுக்கு வந்துவிடும். மாலையில் இருக்கும் பிளாஸ்டிக் நாரையும் ஜிகினாவையும் மட்டும் பிரித்தெடுக்கணும். அதற்கு மறைக்கல்விப் பிள்ளைகள் போதும்.

பாத்தி அகலம் 3 அடிக்கு மேல் வேண்டாம். உட்கார்ந்து களையெடுக்கும் பெண்ணின் கை நடுப்பாத்திக்கு எட்டணும். கோடையில் எல்லாப் பாத்தியையும் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். பங்குனிக்குப் பிறகு பத்தில் இரண்டு பாத்தியில் கீரை, ஓரத்தில் முருங்கை, அகத்தி. மற்றதுக்கு மூடாக்கு போட்டுச் சும்மா விடுங்கள். எங்கள் ஊர்த் திருவிழா வைகாசியில் வருகிறது. அந்த நேரத்துக் கூட்டத்துக்கும் அதுதான் வசதி.

தோட்டம் எல்லோருக்கும் சோறு போடாது

ஒன்றை ஒளிக்காமல் சொல்லணும். 15 சென்ட் காய்கறி ஒரு ஊருக்குப் பத்தாது. 9 குடும்பத்துக் குழம்புக்கும், முதியவர்கள் சிலருக்கும், ஞாயிறு மேசைக்குக் கொஞ்சமும் வரும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஞாயிறு மேசைதான் நம்மைப் போன்ற உழவர்களுக்கு முக்கியம்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துப் பிளசன்ட் ஹோப் பாப்டிஸ்ட் சபையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே போதகராக இருந்த ஹீபர் பிரவுன், தன் சபை மக்கள் உணவால் வரும் நோய்களோடு மருத்துவமனையில் கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சபையின் முன்பக்கத்திலேயே காய்கறி போட்டார். 2015-ல் அந்த நகரத்தில் கலவரம் வந்து கடைகள் மூடியபோது, கறுப்பின விவசாயிகளின் விளைச்சலைச் சபைகள் வழியாக மக்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதில் இருந்து கறுப்பினச் சபைகளையும் விவசாயிகளையும் இணைக்கிற ஒரு உணவு வலைப்பின்னலே உருவானது. சின்னத் தோட்டம் செய்தது என்ன? சபையையும் உழவரையும் பழக வைத்தது.

எங்கள் ஊரிலும் அந்தத் திசையில் ஒரு அடி எடுத்து வைத்திருக்கிறோம். காய் வாங்க வருகிறவர்கள் கேட்டார்கள் என்று, பக்கத்து இயற்கை உழவர்கள் சிலர் அதே மேசையில் நிலக்கடலையும், செக்கு எண்ணெயும், சிறுதானியமும் வைக்கிறோம். தரகர் இல்லை, கமிஷன் இல்லை. வாங்குகிறவர் நேரில் வந்து, "அண்ணே, போன வாரம் கொண்டாந்த எண்ணெய் காறுதே" என்று கேட்கிறார். பதில் சொல்லும் பொறுப்பு நமக்கு வருகிறது. இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

திருச்சபைக்கும் நம் இயக்கத்துக்கும் உறவு புதுசும் இல்லை. நம்மாழ்வார் ஐயா அரசு ஆராய்ச்சிப் பண்ணை வேலையை விட்டுவிட்டுக் களக்காட்டில் பணியாற்றிய 'அமைதித் தீவு' அமைப்பைத் தொடங்கியவர் பெல்ஜியம் நாட்டு டொமினிக்கன் துறவி டொமினிக் பியர். 1958-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். ஆக, சாமியார் கூப்பிட்டால் உழவன் போகலாம். போகும்போது நம் நிபந்தனையையும் எடுத்துக்கொண்டு போகணும்.

இப்போது இருக்கும் ஆபத்து

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பங்குப்பேரவையில் ஒரு யோசனை வந்திருக்கிறது. பின்பக்கம் முழுக்கப் பேவர் பிளாக் பதித்து வண்டி நிறுத்தும் இடமாக்கிவிடலாம், கல்யாணத்துக்கு மண்டபத்தை வாடகைக்கு விட வசதி, வருமானம் வரும் என்கிறார்கள். பொங்கல் கழிந்து பேசி முடிவெடுப்பார்களாம். கோயிலுக்கும் செலவு இருக்கிறது, கூரை ஒழுகுகிறது என்பது எனக்கும் தெரியும். வருமானம் தேடுவதைத் தப்பு என்று சொல்லமாட்டேன்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 30 சென்ட் என்பது சுமார் 13,000 சதுர அடி. அதில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 12,000 லிட்டர் தண்ணீர். இப்போது அந்த மண் பொலபொலவென்று இருப்பதால் பெரும்பகுதி உள்ளே இறங்குகிறது. கோயில் கூரைத் தண்ணீரையும் குழாய் போட்டு ஊறுகுழிக்கு விட்டிருக்கிறார்கள். கல் பதித்துவிட்டால் அத்தனையும் சாலைக்கு ஓடும். அந்தக் கிணற்றை நம்பித்தான் கோயிலும், ஃபாதர் வீடும், பக்கத்துத் தெருவும் இருக்கின்றன. கல்யாண மண்டபத்துக்குத் தண்ணி லாரியைக் கூப்பிட்டால் வாடகையில் எவ்வளவு மிஞ்சும்? வண்டி நிறுத்தத்தான் வேணும் என்றால் முன்பக்க வேப்பமரத்தடியில் 8 சென்ட் இருக்கிறது. கல் பதிக்காமலேயே நிறுத்தலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று. அந்த 9 பெண்களில் ஒருவர்கூடப் பங்குப்பேரவையில் இல்லை. சிலர் அந்த மதமே இல்லை. நாலு வருஷம் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிய கைகளைக் கேட்காமல், அந்த மண்மேல் கல் போடுவதா வேண்டாமா என்று வேறு பேர் முடிவு செய்யப்போகிறார்கள். அன்றைக்கு அந்த 9 பேரில் இரண்டு பேரையாவது கூட்டத்தில் உட்காரவைத்துப் பேசவிடணும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் வரவில்லை. திரும்பவும் கேட்பேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, உங்கள் ஊர்க் கோயிலோ, சபையோ, பள்ளிவாசலோ, பள்ளிக்கூடமோ தோட்டம் போடக் கூப்பிட்டால் அவசியம் போங்கள். பெருங்கோயில்களில் நந்தவனம் வைத்த ஊர்தானே நம்முடையது, பொது இடத்தில் செடி வளர்ப்பது நமக்குப் புதுசு இல்லை. ஆனால் விதைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னால் நாலு விஷயத்தைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை தண்ணி கட்டுவது யார்? பறித்ததில் அவருக்கு எவ்வளவு? தோட்டக்குழுவில் அவர் பெயர் இருக்கிறதா? நிலத்துச் சொந்தக்காரரின் ஒப்புதல் எழுத்தில் இருக்கிறதா? நாலுக்கும் பதில் கிடைத்தால் இறங்கி வேலை செய்யுங்கள். பதில் இல்லை என்றால் ஒரு முருங்கைக் குச்சியை நட்டுவிட்டு வாருங்கள், அது யாரும் தண்ணி விடாமலே பிழைத்துக்கொள்ளும். பதில் வந்த பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.